வியாழன் யாருக்குப் பகை?

அறிவியல் புனைகதை பற்றிய நம் உரையாடல்களில் 'மனிதனுக்குப் பகையான கோள்' என்ற தொடர் அலுப்பூட்டும் அளவுக்குப் புழங்குகிறது. வாயுக்கோளான வியாழன் கதைக்களமாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஓயாத புயல், நச்சுக்காற்று, நசுக்கும் அழுத்தம் என்று ஒரு வில்லன் தயார். எழுத்தாளனுக்கு இதைவிட மலிவான வசதி வேறில்லை.

வியாழன் எவரையும் பகைப்பதில்லை. கலிலியோ விண்கலத்திலிருந்து பிரிந்து சென்ற ஆய்வுக்கருவி 1995 டிசம்பரில் அதன் மேகங்களுக்குள் இறங்கியது. ஒரு மணி நேரம்கூட முழுதாகத் தாக்குப்பிடிக்கவில்லை. நம் காற்றழுத்தத்தைப்போல 20 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அதன் குரல் அடங்கியது. கால் ஊன்ற அங்கே தரையே கிடையாது. இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது? நம் உடலுக்கு அங்கே இடமில்லை, அவ்வளவுதான்.

இதை நேர்கொண்டவர்களே நல்ல கதைகளை எழுதினார்கள். கிளிஃபோர்ட் சிமாக்கின் 'டிசர்ஷன்' (1944) கதையில், வியாழனின் உயிரினமாக உருமாற்றி அனுப்பப்பட்டவர்கள் எவரும் திரும்புவதில்லை. இனியும் பிறரை அனுப்ப மனமின்றி, ஆய்வுநிலையத் தலைவன் தன் கிழநாயுடன் தானே உருமாறி வெளியேறுகிறான். அந்த உடலுக்கு அமோனியா மழை நரகமல்ல, பேரின்பம். அவனும் திரும்புவதில்லை. பால் ஆண்டர்சனின் 'கால் மீ ஜோ' (1957) கதையில், ஊனமுற்ற ஒருவன் தொலைவிலிருந்து தான் இயக்கும் செயற்கை உயிரின் உடலுக்குள்ளேயே குடியேறிவிடுகிறான். ஆர்தர் சி. கிளார்க்கின் 'எ மீட்டிங் வித் மெடூசா' (1971) குறுநாவலில் பலூனில் இறங்கும் நாயகன், விபத்தில் உடலை இழந்து பெரும்பகுதி இயந்திரமாகிவிட்டவன். மூவரும் காட்டுவது ஒன்றே: வியாழனுக்குள் நுழைய, மனித உடலை வாசலில் விட்டுவிட வேண்டும்.

சிமாக்கின் வியாழனில் தரை இருக்கிறதே, அது காலாவதியான கதையல்லவா என்று சில அறிவியல் அன்பர்கள் கேட்பார்கள். தகவல் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் அக்கதை தரையின் மீது நிற்கவில்லை. 'மனிதன் என்பது இந்த உடல் மட்டுமா?' என்ற கேள்வியின் மீது நிற்கிறது. அதை எந்த விண்கலமும் இன்னும் பொய்யாக்கவில்லை. மாறாக, தகவல்களை அச்சுப்பிசகாமல் அடுக்கிவிட்டு அக்கேள்வியின் பக்கமே எட்டிப்பார்க்காத கதைகள் பாடநூலின் பின்னிணைப்புகளாகவே எஞ்சும்.

எனவே, அடுத்தமுறை ஒரு கதையில் வாயுக்கோள் உறுமும்போது நாயகன் அங்கே எதை இழந்தான் என்று பாருங்கள். கவசத்தைக் கழற்றிவிட்டு அதே மனிதனாக அவன் வீடு திரும்புகிறான் என்றால், அவன் வியாழனுக்குப் போகவேயில்லை.