கோலம் போடத் தெரியுமா?



மேட்டுப்பாளையத்துப் பிள்ளைகளுக்கு மலை ரயிலைப் பற்றிச் சொல்லித் தரவே வேண்டாம். 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908-ல் ஊட்டியை எட்டி, 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ரயில் அது. ஆனால், பள்ளி இணையதளத்துக்கு அந்த ரயில் படம் வேண்டும் என்றதும் என்ன செய்கிறோம்? இணையத்தில் யாரோ போட்ட சின்னப் படத்தைக் கேட்காமலே எடுத்து, மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குகிறோம். சக்கரத்தின் ஓரமெல்லாம் மாடிப்படி மாதிரி தெரிகிறது!

காரணம் இதுதான். அந்தப் படம் 'பிக்சல்' எனும் குட்டிக் கட்டங்களால் ஆனது. படத்தை இழுத்தால் கட்டமும் சேர்ந்தே பெரிதாகும்.

இப்போது, பாட்டி வாசலில் கோலம் போடுவதைக் கவனியுங்கள். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, எந்தப் புள்ளியைச் சுற்றி இழை வளைய வேண்டும்... அவர் மனதில் இருப்பது இவ்வளவுதான். வாசல் பெரிதென்றால் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைப்பார். கோலம் கலையாது. கணினியில் 'வெக்டர்' வடிவமும் இப்படித்தான். வட்டம் என்றால் மையம் எங்கே, ஆரம் எவ்வளவு, நிறம் என்ன என்பதை மட்டுமே அது நினைவில் வைக்கும். கணக்குப் பாடத்தில் 'ஆரம் எதற்கு?' என்று சலித்துக் கொண்டவர்கள் கவனிக்க!

நம் ரூபாய்ச் சின்னத்தையே பாருங்கள். கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் வடிவமைத்தது. 2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. கைபேசியில் மிளகு அளவிலும், விளம்பரத் தட்டியில் ஆள் உயரத்திலும் அதன் ஓரம் பிசிறுவதில்லை. கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் வெக்டர் வடிவங்கள் என்பதால் வந்த வசதி இது.

போட்டோஷாப்பில் 'ஷேப்' கருவிகள் இருக்கின்றன. ஆனால், அது விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். திருட்டுப் பிரதி வேண்டவே வேண்டாம். 'இங்க்ஸ்கேப்' இலவசமாகவே கிடைக்கிறது. பெட்டிக்குச் செவ்வகம், சக்கரத்துக்கு வட்டம், மலைக்கு முக்கோணம் என அதில் வரையுங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பிடித்து ஏறுமே, அந்தப் பல்சக்கரத்துக்கு நட்சத்திரக் கருவியை எடுத்து முனைகளைக் கூட்டிப் பாருங்கள். அசந்து போவீர்கள்!

எல்லாவற்றுக்கும் வெக்டர் ஏற்றதல்ல. மலை மேல் தவழும் மேகத்துக்கும், தங்கையின் சிரிப்புக்கும் புகைப்படமே சரி. பட்டன், சின்னம், வரைபடம் போன்றவற்றுக்கு வெக்டரைப் பயன்படுத்துங்கள். எளிய வடிவங்கள் என்றால் கோப்பும் சிறியதாக இருக்கும். இணைய வேகம் குறைந்த ஊரிலும் பக்கம் சட்டென்று திறக்கும்.

வரைந்ததை 'எஸ்விஜி' கோப்பாகச் சேமியுங்கள். பிறகு அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். உங்கள் ரயில் முழுவதும் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். சக்கரத்தின் ஆரத்தைத் தேடிப் பிடித்து, அந்த எண்ணை மட்டும் இரண்டு மடங்காக்கி மறுபடி படமாகத் திறந்தால் என்ன ஆகிறது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்