ரெண்டு எழுத்து, மூணு சனம்

லத்தீன் லிபியில் ஈ, இசட் என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுங்கள். பாஸ்க் மொழியில் அது 'இல்லை'. துருக்கியில் பெரும்பாலான குர்துகள் பேசும் குர்மாஞ்சியில் அதே இரண்டெழுத்து 'நான்'. ருமேனியாவில் சிறுபான்மையாக வாழும் ஹங்கேரியர்களிடம் போனால் 'இது'.

குர்மாஞ்சி இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ஹங்கேரிய மொழி உராலியக் குடும்பம். பாஸ்குக்கு உலகத்தில் உயிரோடுள்ள எந்த மொழியோடும் சொந்தம் நிறுவப்படவில்லை. ஒண்ணுக்கொண்ணு ஒட்டுமில்ல, உறவுமில்ல.

தற்செயல்தானே, இதுல என்ன இருக்கு என்பீர்கள். தற்செயல்தான். அதை ஒத்துக்கொள்ளாமல் உறவு கட்டுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. வங்கியில் ஒரே பெயரில் இரண்டு பேருக்குக் கணக்கு இருக்கும். பெயர் ஒன்று என்பதற்காக ஒருத்தர் பணத்தை இன்னொருத்தர் கணக்கில் நான் வரவு வைக்க முடியுமா?

துருக்கி அரசு வைத்தது. 1930களில் 'சூரிய மொழிக் கொள்கை' என்று ஒன்றைத் தூக்கிப் பிடித்தது. உலக மொழிகள் அத்தனையும் ஆதித் துருக்கியிலிருந்து கிளைத்தவையாம். குர்துகளுக்கு 'மலைத் துருக்கியர்' என்று பெயர் சூட்டினார்கள். உன் மொழி என் மொழியின் கிளை என்று முதலில் சொல்வான். கிளைக்கு எதுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்று அப்புறம் கேட்பான். 1983இல் வந்த 2932ஆம் எண் சட்டம், குர்து என்ற பெயரையே உச்சரிக்காமல் அந்த மொழியில் அச்சிடுவதைத் தடை செய்தது. 1991இல்தான் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் லேலா சானா துருக்கியில் உறுதிமொழி எடுத்துவிட்டு, குர்து மொழியில் ஒரு வாக்கியம் சேர்த்தார். அவை கொதித்தது. 1994இல் சிறைக்குப் போனவர் 2004இல்தான் வெளியே வந்தார்.

எந்த நாட்டுச் சொல்லைப் பார்த்தாலும் தமிழ் வேர் காட்டுகிற நம்ம ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். 'எல்லாருக்கும் நானே தாய்' என்பது பாசம் மாதிரித்தான் கேட்கும். அதில் மேல் கீழ் இருக்கிறது.

பிராங்கோ ஆட்சியில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட பாஸ்க்காரருக்கும், தன் மொழியில் அச்சடிக்க முடியாத குர்துக்கும் பேச நிறைய இருக்கிறது. அதற்கு ஒரே வேர் வேண்டாம், ஒரே ரத்தமும் வேண்டாம். பிறப்பை வைத்துத்தான் உறவு என்ற கணக்கால் அடிபட்ட நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. அவன் 'இல்லை' அவனுக்கு, இவன் 'நான்' இவனுக்கு. இரண்டுக்கும் துணை நிற்போம்.