ஒரு சர்வர், 31 இயங்குதளங்கள், பொறுப்பாளர் எவருமில்லை

சென்ற பருவத்தின் இறுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் துறை பிற துறைகளுக்கும் சேர்த்துப் பேணிவரும் சர்வரில் இயங்கிக்கொண்டிருந்த 31 மெய்நிகர் இயந்திரங்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உறைந்துபோயின. திங்கட்கிழமை மாலைக்குள் 30 இயந்திரங்களை மீட்டுவிட்டோம். மீளாத அந்த ஒன்றில், சமூகவியல் ஆய்வு மாணவி ஒருவர் ஏழு மாதங்களாகக் கேட்டு எழுதிக் குறியிட்டு வைத்திருந்த கள நேர்காணல்கள் இருந்தன. ஒலிப்பதிவுகள் அவரிடமே இருந்தமையால் ஆய்வு முற்றாக அழியவில்லை. ஆயினும் ஏழு மாத உழைப்பை அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்காக உதவித்தொகைக் காலம் நீளப்போவதில்லை.

அந்தச் சர்வரைப் ‘பார்த்துக்கொள்பவன்’ நான். வடஇந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவனாக இருக்கும் எனக்கு இப்பொறுப்பை எவரும் எழுத்தில் தந்ததில்லை. எனக்கு முன்னிருந்த ஆய்வாளர் பட்டம் பெற்றுச் சென்றபோது கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பணி ஒப்படைப்பு அவ்வளவே. ஆகவே பிறர்மீது பழிசொல்ல இதை எழுதவில்லை. பிழையில் எனக்கும் பங்குண்டு. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஒரே சர்வரில் பல இயங்குதளங்களை நிறுவுவது இன்று கடினமான தொழில்நுட்பச் செயலன்று, அவற்றைப் பேணுவது ஒரு நிர்வாகக் கடமை. அக்கடமையை எவருக்கும் உரியதாக்காமல் விட்டிருக்கிறோம்.

கணினித் துறைக்கு வெளியே இருப்போருக்காகச் சில சொற்கள். ஒரே வன்பொருளின்மீது ஹைப்பர்வைசர் எனப்படும் மென்பொருள் அடுக்கு, பல தனிக் கணினிகள் இருப்பது போன்ற நிலையை உருவாக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி இயங்குதளம், நினைவகத்தில் ஒரு பங்கு, தனி வட்டு, தனி வலைமுகவரி உண்டு. வேதியியல் துறையின் பழைய அளவீட்டுக் கருவிக்குரிய மென்பொருள் விண்டோஸ் 7-இல் மட்டுமே இயங்குகிறது. மொழியியல் மாணவர் ஒருவருக்கு உபுண்டுவின் குறிப்பிட்ட ஒரு பதிப்பு வேண்டும். எங்கள் துறையின் இணையதளம் டெபியனில் இருக்கிறது. மூன்றையும் ஒரே பெட்டிக்குள், ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாதபடி குடியமர்த்தலாம். பழைய நகரங்களின் ஒண்டுக்குடித்தன வீடுகளை இதற்கு ஒப்பிடலாம். அடுப்பும் கதவும் அவரவருக்குத் தனி; கிணறும் கூரையும் பொது. தத்தம் அடுப்பை அனைவரும் கவனித்துக்கொள்கிறோம். கிணற்றைத் தூர்வாருவது யார் என்பதே கேள்வி.

இந்த எண்ணம் புதியதன்று. 1967-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் உருவான சிபி-40 என்ற அமைப்பு, ஒரே கணினியை 14 மெய்நிகர் கணினிகள் வரை பகிர்ந்தளித்தது. 1972-இல் விஎம்/370 வெளிவந்தது. 1974-இல் ஜெரால்டு போபெக்கும் ராபர்ட் கோல்ட்பர்க்கும் இத்தகைய அமைப்புக்குரிய மூன்று இயல்புகளை வரையறுத்தனர்: நிரல், உண்மையான கணினியில் இயங்குவது போலவே இயங்க வேண்டும், வளங்களின்மீதான முழுக் கட்டுப்பாடும் மேலாண்மை மென்பொருளிடமே இருக்க வேண்டும், பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரே செயலியில் நிறைவேற வேண்டும். நாம் அன்றாடம் பயன்படுத்தும் எக்ஸ்86 செயலிகள் நெடுங்காலம் இதற்கு இடம்தரவில்லை. 1999-இல் விஎம்வேர், சிக்கலான கட்டளைகளை ஓட்டத்தின்போதே மாற்றியமைத்து அத்தடையைக் கடந்தது. 2003-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸென் வந்தது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெலும் ஏஎம்டியும் செயலியிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. 2007-இல் கேவிஎம், லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதியாயிற்று.

அன்று கணினி அரிய பொருள். அதைப் பேணுவதற்கென்றே பணியாளர்கள் இருந்தனர். இன்று மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பிராக்ஸ்மாக்ஸ் போன்ற திறமூலத் தளத்தில் சில சொடுக்குகளில் ஓர் இயந்திரம் பிறந்துவிடுகிறது. பிறப்பு இவ்வளவு எளிதானதால், அது எப்போது முடிய வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை நிகழ்ந்ததற்கு வருகிறேன். எங்கள் சர்வரில் உண்மையில் இருந்த வட்டிடம் 8 டெராபைட். 31 இயந்திரங்களுக்கும் வாக்களித்திருந்த இடத்தின் கூட்டுத்தொகை 14 டெராபைட். இது மோசடியன்று, தின் புரொவிஷனிங் எனப்படும் வழக்கமான முறை. தமக்குரிய இடம் முழுவதையும் எல்லோரும் ஒரே காலத்தில் நிரப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், தரவு எழுதப்படும்போது மட்டுமே உண்மையான இடம் ஒதுக்கப்படும். அந்நம்பிக்கை பொய்க்காதிருக்க வேண்டுமானால், மீதமுள்ள இடத்தை ஒருவர் தவறாமல் பார்த்துவர வேண்டும். நான் அவ்வாரம் முழுவதும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

இடத்தைத் தின்றவை ஸ்னாப்ஷாட்கள். பலர் தத்தம் இயந்திரத்தில் ஏதேனும் மாற்றம் செய்யும் முன்னர் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை நீக்காமல் விட்டிருந்தனர். பேக்கப் இருக்கிறது என்ற நிம்மதி அவர்களுக்கு. ஆனால் ஸ்னாப்ஷாட் தனி நகலன்று. எடுத்த கணத்தில் அது ஏறக்குறைய இடமே பிடிப்பதில்லை. அதன்பின் இயந்திரம் ஒரு தொகுதியை மாற்றி எழுதும்போதெல்லாம், பழைய தொகுதியையும் புதியதையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். மாதங்கள் செல்லச்செல்ல அது வீங்கும். அதுமட்டுமன்று, மூலம் இருக்கும் அதே சேமிப்பகத்தில், அதே பதிவேட்டை நம்பியே அதுவும் நிற்கிறது. எங்களிடம் சேமிப்பகம் நிரம்பியது; எல்லா இயந்திரங்களும் எழுத இடமின்றி நின்றன; எந்தத் தொகுதி எந்த இயந்திரத்துக்குரியது என்று குறித்துவைக்கும் பதிவேடும் பழுதுற்றது. செப்பனிட்டபோது அம்மாணவியின் வட்டு மட்டும் திரும்பவில்லை. அவருடைய ஸ்னாப்ஷாட்டும் அதனுடனேயே போயிற்று. பாதுகாப்புக்கென்று எடுத்துவைத்தவையே சேமிப்பகம் நிரம்பியதற்கு முதற்காரணமாயின.

மீட்புப் பணியின்போது ஒரு கணக்கெடுப்பு நடத்தினேன். 31-இல் 12 இயந்திரங்களுக்கு உரியவர் யாரென்றே தெரியவில்லை. ‘டெஸ்ட்2’ என்று ஒன்று. ‘ஃபைனல்-நியூ’ என்று மற்றொன்று. சிலவற்றை உருவாக்கியவர்கள் பட்டம் பெற்று வேறு ஊர்களில் ஆசிரியர்களாகிவிட்டனர். 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 7-இல் மூன்று இயந்திரங்கள் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அணைக்கவும் அஞ்சினோம். எவருடைய ஆய்வு எதை நம்பியிருக்கிறதோ என்ற தயக்கம்.

வட்டு நிரம்புவது மட்டுமே ஆபத்தன்று. 2023 பிப்ரவரியில், விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசர் இயங்கிய சர்வர்களைப் பல நாடுகளில் ஒரு ரேன்சம்வேர் தாக்கியது. தாக்கியோர் பயன்படுத்தியதாகக் கருதப்பட்ட ஓட்டைக்கான திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளிவந்திருந்தது. ஈராண்டுகள் அதை நிறுவாதிருந்த சர்வர்களே அகப்பட்டன. உள்ளே குடியிருக்கும் ஒவ்வோர் இயங்குதளமும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும், அடியிலுள்ள ஹைப்பர்வைசர் கைவிடப்பட்டிருந்தால் அனைத்தும் ஒன்றாகவே விழும். போபெக்கும் கோல்ட்பர்க்கும் வளக் கட்டுப்பாடு முழுவதையும் மேலாண்மை மென்பொருளிடம் ஒப்படைத்தனர். அம்மென்பொருளை மேற்பார்க்கும் மனிதரை நியமிப்பது நம் வேலை.

நம் கல்வி நிறுவனங்களில் நாற்காலிக்கும் எண் உண்டு. டெட் ஸ்டாக் பதிவேட்டில் அதன் பெயர் இருக்கும். மைய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், நிலைச் சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சரிபார்க்கச் சொல்கின்றன. அப்பதிவேட்டில் எங்கள் சர்வரும் ஒற்றை வரியாக இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் பெட்டியைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுச் செல்கிறார். அதனுள் இருக்கும் 31 கணினிகள், அவற்றில் உள்ள பல ஆண்டு உழைப்பு, அவை எதுவும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு மட்டுமே பொறுப்பு வகுக்கப் பழகியிருக்கிறோம்.

மாற்றத்துக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதலாவது, ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் உரியவர், அவருடைய நெறியாளர், நோக்கம், முடிவு நாள் ஆகிய நான்கும் பதிவாக வேண்டும். முடிவு நாளில் புதுப்பிக்கப்படாத இயந்திரம் அணைக்கப்பட்டு, ஒரு பருவம் கழித்து நீக்கப்பட வேண்டும். இரண்டாவது, வாக்களித்த இடமும் உண்மையில் மிஞ்சியிருக்கும் இடமும் எல்லோர் பார்வையிலும் இருக்க வேண்டும். மூன்றாவது, காப்பு நகல் வேறொரு கணினியில், இயன்றால் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஓர் இயந்திரத்தை அந்நகலிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நகலென்று நம்ப முடியாது. நான்காவது, மாதத்தில் ஒரு நாளை அறிவித்து ஹைப்பர்வைசரைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்தாவது, இவை ஒரு தொழில்நுட்ப உதவியாளரின் பணிப்பட்டியலில் எழுத்தில் இடம்பெற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வேட்டை அளிக்கும் முன் நூலகம், விடுதி, ஆய்வகம் என ஒவ்வோர் இடத்திலும் நிலுவையில்லை என்ற கையொப்பம் வாங்குகிறோம். அப்படிவத்தில் சர்வருக்கும் ஒரு வரி சேர்க்கப்படட்டும். ஒரு புத்தகத்தைத் திருப்பித் தராதவருக்குப் பட்டம் தர மறுக்கும் நிறுவனம், ஒரு கணினியையே விட்டுச் செல்பவரைக் கேள்வியின்றி அனுப்பக்கூடாது.

இதற்கு எழக்கூடிய இரு மறுப்புகளை அறிவேன். கிளவுடுக்குப் போய்விடலாமே என்பது ஒன்று. கருவி வாங்க ஒருமுறை நிதி தரும் திட்டங்கள், மாத வாடகைக்கு ஆண்டுக்கணக்கில் நிதி தருவது அரிது. நேர்காணல் தந்தவர்களின் அடையாளம் அடங்கிய தரவை எங்கே வைப்பது என்ற நெறிமுறைக் கேள்வியும் உண்டு. அங்கேயும் உரியவரற்ற இயந்திரங்கள் பெருகும். வேறுபாடு, அவற்றுக்கு மாதந்தோறும் பணம் கட்டுவோம் என்பதே. கன்டெய்னர் போதுமே என்பது மற்றொன்று. கன்டெய்னர்கள் அடியிலுள்ள கெர்னலைப் பகிர்ந்துகொள்பவை. பல தேவைகளுக்கு அவை சிறந்தவையே. எனினும் லினக்ஸ் சர்வரின் கன்டெய்னரில் வேதியியல் துறையின் விண்டோஸ் 7-ஐ இயக்க இயலாது. தவிரவும், கன்டெய்னருக்கும் உரியவர் ஒருவர் வேண்டும். கருவியை மாற்றுவதால் கடமை மாறுவதில்லை.

அம்மாணவியின் நேர்காணல்கள் மொத்தம் 46. இன்று காலை நூலகத்தில் அவரைப் பார்த்தேன்; காதில் ஒலிவாங்கிக் கருவியுடன் நான்காவதை மீண்டும் எழுதிக்கொண்டிருந்தார். என்மீது அவருக்குக் கோபமில்லை என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் உங்கள் துறையில் நாளையே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் சர்வரில் எத்தனை இயங்குதளங்கள் இயங்குகின்றன? அவற்றுக்குரியவர்கள் யார் யார்? கடைசியாக எந்த நாளில் காப்பு நகலிலிருந்து ஓர் இயந்திரத்தை மீட்டுப் பார்த்தோம்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் உங்கள் துறை நற்பேறு பெற்றது. கிடைக்காவிட்டால் அடுத்த துறைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கக் கோருங்கள். அது எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுதினால் மகிழ்வேன்.