அகரில்லா அகர்பத்தி

வேதிக்கூட்டால் ஆன நறுமண எண்ணெயா, தாவரத்திலிருந்து வடித்த எண்ணெயா என்று கேட்கப்பட்டால், இயன்றவரை தாவர எண்ணெய் என்பதே என் விடை. ஆனால் இவ்விடைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்களுள் பெரும்பாலானவற்றை நான் ஏற்கவில்லை. இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்பது அவற்றுள் முதன்மையானது, அது உண்மையன்று. என் காரணம் வேறு. அதைச் சொல்லச் சற்று நீண்ட வழி செல்லவேண்டியிருக்கிறது. பொறுமையுள்ள நண்பர்கள் உடன் வருக.

முதலில் பெயர்ச் சிக்கல். ‘எசென்ஷியல் ஆயில்’ என்பதை இணையத் தமிழ் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று பெயர்த்து வைத்திருக்கிறது. ரேஷன் கடைப் பாமாயிலுக்குப் பொருந்தும் பெயர் அது. ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘எசென்ஷியல்’ இங்கே தேவையைக் குறிப்பதன்று. ‘எசென்ஸ்’, அதாவது சாரம் என்பதன் பெயரடை. பொருளின் உயிர்ச்சாரத்தை வாலையில் வடித்துவிட முடியும் என்று நம்பிய ஐரோப்பிய ரசவாதிகளின் எச்சம் அச்சொல்லில் உறைந்திருக்கிறது. எண்ணெய் என்பதும் துல்லியமான பெயரன்று. எள்ளின் நெய் எண்ணெய்; வடமொழித் தைலமும் திலம் என்னும் எள்ளிலிருந்து பிறந்ததே; வங்காளியர் ‘தேல்’ என்பது அதன் வழித்தோன்றல். நல்லெண்ணெய் தாளில் பட்டால் கறை நிற்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் பட்டால் பெரிதும் ஆவியாகிப் போய்விடும். அது கொழுப்பன்று, ஆவியாகும் மூலக்கூறுகளின் கலவை.

‘நறுமண எண்ணெய்’ என்னும் வழக்கு இன்னும் பெரிய குழப்பம். வடித்தெடுத்ததையும் ஆலையில் கூட்டியதையும் அது ஒன்றாகவே சுட்டுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் ஆதாயம் அடைவோர் யார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இப்பதிவின் வசதிக்காக முதலாவதை வடிதைலம் என்றும் இரண்டாவதை வாசனைக்கூட்டு என்றும் வழங்குகிறேன். நீலகிரியில் யூகலிப்டஸ் இலையை வடிப்போர் தைலம் என்ற சொல்லையே இயல்பாகப் பயன்படுத்துகின்றனர். ஆகவே முன்னொட்டு மட்டுமே என்னுடையது.

பொருள் போய்ப் பெயர் மட்டும் நிற்பதற்கு நான் வாழும் கல்கத்தாவிலேயே சான்று உண்டு. வங்காளியர் பேச்சில் அது தூப்காட்டி. பெட்டியின் மேல் அகர்பத்தி. அகர் என்பது நம் அகில். அகில், அகுரு, அகர் ஆகியவற்றுள் எது எதனின்று வந்தது என்ற வழக்கை இங்கே திறக்கவேண்டாம். அது தனிப் பதிவு. தென்னிந்தியக் கரையில் ‘அகில்’ என்று கேட்ட போர்த்துகீசியர் அதை ‘ஆகிலா’ என்று எழுதிக்கொண்டனர். அவர்கள் மொழியில் அது கழுகின் பெயரோடு ஒலித்தது. அதைப் பின்பற்றிய ஆங்கிலேயர் ‘ஈகிள்வுட்’ என்றனர். கழுகுக்கும் அம்மரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மரம் காயமுற்றுப் பூஞ்சை தொற்றும்போது தற்காப்பாகச் சுரக்கும் பிசினே அகிலின் மணம். நோயுறாத மரத்தில் மணமில்லை. அசாமிலும் திரிபுராவிலும் வளரும் இம்மரத்தின் பன்னாட்டு வணிகம் 1995 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. காட்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. எனவே பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் அகர் இருக்க வழியில்லை. மரத்தூளும் கரியும் பசைப்பட்டையும் சேர்த்து உருட்டிய குச்சியை, கரைப்பானில் கலந்த வாசனைக்கூட்டில் தோய்த்து உலர்த்தியது அது. பெயரில் மட்டுமே அகர் எஞ்சியிருக்கிறது.

இனி வேதியியல். லினலூல் என்னும் மூலக்கூறு லாவெண்டரிலும் கொத்தமல்லி விதையிலும் மல்லிகையிலும் உண்டு. ஆலையில் ஆக்கிய லினலூலுக்கும் அதே அணுக்கட்டமைப்புதான். லாவெண்டரில் ஒரு கைவடிவமும் கொத்தமல்லியில் அதன் ஆடிப்பிம்பமும் மிகுந்திருக்கும். ஆலைப் பொருளில் இரண்டும் பாதிப்பாதி. பெட்ரோலியத்திலிருந்து வந்த மூலக்கூறாயின் அதில் கரிமம்-14 இராது. அண்மையில் வளர்ந்த செடியிலிருந்து வந்ததாயின் இருக்கும். கலப்படத்தை ஆய்வகம் கண்டறிவது இத்தகைய தடயங்களால்தான். நம் தோலுக்கு அத்தகைய ஆய்வகம் கிடையாது. காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றமடைந்த லினலூல் ஒவ்வாமை தரவல்லது. அது எங்கிருந்து வந்தது என்று தோல் கேட்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அழகுப்பொருட்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பின் பெயர் சொல்லி அச்சிடவேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் முன்பு 26. 2023இல் அப்பட்டியல் எண்பதுக்கும் மேலாக விரிந்தபோது தாவர எண்ணெய்களும் சாறுகளும் அதில் இடம்பெற்றன. லிலியால் என்னும் செயற்கைப் பொருள் 2022இல் தடைசெய்யப்பட்டது. ஓக் மரத்தில் படரும் பாசிக்காளானின் சாற்றில் இயல்பாகவே உள்ள அட்ரனால் அதற்கும் முன்பே, 2017இல், தடைப் பட்டியலில் சேர்ந்தது. நம் வீடுகளில் யூகலிப்டஸ் தைலத்தையும் கற்பூரத்தையும் விழுங்கிய குழந்தைகள் வலிப்போடு மருத்துவமனை செல்வது மருத்துவர் அறிந்த செய்தி. வடிதைலத்தை நீரில் விட்டுப் பருகச் சொல்லும் காணொலிகளைப் பகிர்வோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இயற்கையும் செயற்கையும் நாம் கருதும் அளவுக்கு எதிரெதிரானவையும் அல்ல. 1893இல் ஜெர்மனியில் டீமான், குரூகர் என்னும் இருவர் வயலெட் மலரின் மணமுடைய அயனோனை ஆக்கினர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் சிட்ரால். சிட்ராலுக்குப் பெருமூலம் எலுமிச்சைப்புல் எண்ணெய். கொச்சித் துறைமுகம் வழியாகச் சென்றதால் உலகச் சந்தையில் அது கொச்சி எண்ணெய் என்றே பெயர் பெற்றது. ஐரோப்பியச் சீமாட்டியின் கைக்குட்டையில் மணந்த செயற்கை வயலெட்டின் பின்னே கேரளத்து மலைச்சரிவில் புல்லறுத்தவரின் அரிவாள் இருந்தது.

அப்படியானால் ஏன் வடிதைலம்? மல்லிகையை எடுத்துக்கொள்வோம். இங்கேயே ஒரு திருத்தம் தேவை. மல்லிகைக்குக் கண்டிப்பான பொருளில் வடிதைலமே இல்லை. நீராவியில் வடிப்பது, சிட்ரஸ் பழத்தோலை இயந்திரத்தில் பிழிவது, நீரின்றி உலர்நிலையில் வடிப்பது ஆகிய வழிகளால் பெற்றதையே ஐஎஸ்ஓ 9235 தரநிலை எசென்ஷியல் ஆயில் என்கிறது. நீராவியின் வெம்மையை மல்லிகை தாங்காது. ஹெக்ஸேனில் ஊறவைத்து எடுக்கும் மெழுகு போன்ற பொருளுக்குக் கான்கிரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் கழுவிப் பெறுவது அப்சொல்யூட். ஒரு கிலோ கான்கிரீட்டுக்குச் சில நூறு கிலோ பூ வேண்டும். ஆகவே நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் ‘தூய ஜாஸ்மின் எசென்ஷியல் ஆயில்’ குறித்து ஆய்வகத்துக்குப் போகவேண்டியதில்லை; பெருக்கல் வாய்ப்பாடே போதும்.

மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பகுதிகளில் மொட்டு காலையிலேயே பறிக்கப்படுகிறது, மாலையில் விரியும், மணம் இரவில் முதிரும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் மல்லி, வரத்து மிகுந்த வாரத்தில் பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் போவதுண்டு. அந்த வாரத்தில் மிச்சப் பூவை வாங்கிக்கொள்வது விவசாயிகள் சென்ட் ஃபேக்டரி என்றழைக்கும் ஆலை. அதன் விலை பெரிதன்று. ஆயினும் பூ குப்பையில் கொட்டப்படாமல் காப்பது அதுவே. வாசனைக்கூட்டு மல்லிகையை வாங்குவோர் இந்தச் சங்கிலியில் எவருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. என் முதல் காரணம் இதுவே: தாவர எண்ணெய்க்கு ஒரு முகவரி உண்டு. ஊர், பருவம், பறித்த கை, வடித்த கலம் என்று பின்னோக்கிச் செல்லலாம்.

இரண்டாவது காரணம் மணம். மல்லிகையில் இண்டோல் என்னும் பொருள் உண்டு. செறிவாக இருந்தால் மலநாற்றம். மிகச் சிறிதளவில் பூவுக்கு உயிர் தருவது அதுதான். மலிவான கூட்டுகள் அதைத் தவிர்த்து, இனிப்பை மட்டும் ஏற்றிவைக்கின்றன. பிறகு நம் மூக்கு அந்த இனிப்பையே மல்லிகை என்று கற்றுக்கொள்கிறது. கழிப்பறை மணமூட்டியில் மல்லிகையைக் கற்ற தலைமுறை, பூக்கட்டுபவரின் கூடைக்கு அருகில் நின்று முகஞ்சுளிக்கும் காலம் தொலைவில் இல்லை.

கல்கத்தாவில் நாகோதா மசூதியை ஒட்டிய ஜகாரியா தெருவிலும் ரவீந்திர சரணியிலும் அத்தர்க் கடைகள் உள்ளன. அங்கு விற்கும் அத்தர்களுள் பல கன்னோசியிலிருந்து வருபவை. செப்புத் தேக்கில் பூவும் நீரும் இட்டு, வாயை மண்ணால் மூடி, மூங்கில் குழல்வழியே ஆவியைப் பப்கா என்னும் கலத்தில் ஏந்துவர். கலத்தினுள் மரபாக இருப்பது சந்தன எண்ணெய். பூவின் மணத்தை அது பற்றிக்கொள்ளும். சந்தனத்தின் விலை எட்டாத உயரம் சென்றபின் பலர் அங்கே திரவப் பாரஃபினுக்கு மாறிவிட்டனர். பூ அசல், வடிப்பு அசல், தாங்கும் பொருள் பெட்ரோலியம். இதை இயற்கை என்பதா? நான் இயற்கை என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லி விற்றால் வாங்குவேன். சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

சந்தனம் பற்றி என் நிலைப்பாடு பலருக்கு முரணாகத் தோன்றலாம். அதன் எண்ணெய் வயிரத்திலும் வேரிலும் இருக்கிறது. எடுக்கவேண்டுமாயின் மரம் வீழவேண்டும். காட்டுச் சந்தனம் கண்டபடி வெட்டப்பட்ட வரலாறு சத்தியமங்கலத்தை அறிந்தோருக்குப் புதிதன்று. தோட்டத்தில் வளர்த்ததென்று சான்று காட்டமுடியாத சந்தனத்துக்கும் அகிலுக்கும் பதிலாகச் செயற்கைப் பொருளை வாங்குவதே நேர்மை. புல், இலை, மலர், வெட்டிவேர் எனத் திரும்ப வளர்பவற்றில் இயற்கையைத் தேர்க. அங்கும் கண் திறந்திருக்கட்டும்: யூகலிப்டஸ் தைலம் முழுக்க இயற்கையே, ஆயினும் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் நீலகிரிக்கு வந்த அம்மரம் சோலைகளுக்கிடையே இருந்த புல்வெளிகளைப் பெருமளவு விழுங்கியிருக்கிறது.

மணப்பொருளைக் குறித்துக் கேள்வி கேட்பது இந்நகரத்துக்குப் புதிய பழக்கமன்று. ஹேமேந்திரமோகன் போஸ் தம் குந்தலீன் கூந்தல் தைலத்துக்கும் தேல்கோஷ் வாசனைக்கும் விளம்பரமாக 1896இல் சிறுகதைப் போட்டியே தொடங்கினார். விளம்பரம் போல் தோன்றாமல் அவ்விரு பெயர்களும் கதையில் வரவேண்டும் என்பது விதி. முதல் பரிசு, கூந்தல் தைலத்தால் புயலை அடக்கிய கதைக்குப் போயிற்று. பெயரிடாமல் அதை எழுதியவர் ஜகதீஷ் சந்திர போஸ். சுதேசி இயக்கம் எழுந்தபின் வாங்குவோர் கேட்ட கேள்வி இயற்கையா செயற்கையா என்பதன்று. யார் செய்தது, எங்கே செய்தது என்பதே. அக்கேள்வியையே நாம் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நம் சோப்பு உறைகளில் பெரும்பாலும் ‘பர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல பத்துப் பொருட்கள் ஒளிந்திருக்கின்றன. வடிதைலம் என்று விற்பவரிடம் நான்கு செய்திகளைக் கேளுங்கள்: தாவரத்தின் இலத்தீன் பெயர், எடுத்த உறுப்பு, எடுத்த முறை, விளைந்த ஊர். கஞ்சம் மாவட்டத்துத் தாழம்பூவை வடிப்பவருக்கு நான்கும் நாவில் நிற்கும். இந்நகரத்துப் பிரியாணியில் தெளிக்கும் கேவ்ராவுக்கும் இவற்றைக் கேட்கலாம். வாசனைக்கூட்டு விற்பவரும் அதை அப்பெயரிலேயே விற்கட்டும். அதில் இழிவு ஏதும் இல்லை. பாடநூல்களுக்கும் கலைச்சொல் அகராதிகளுக்கும் பங்களிக்கும் நண்பர்கள் அடுத்த பதிப்பிலேனும் ‘அத்தியாவசிய எண்ணெய்’ இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடிதைலம் பிடிக்கவில்லையெனில் வேறு சொல் தருக. இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் போதும்.