குண்டுக்குப் பதில் நீதியே!

1987 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு, மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்தது. அப்பாவிப் பயணிகள் பலர் மாண்டனர். பழி தமிழ்நாடு விடுதலைப் படை மீது விழுந்தது. அதற்காக அரியலூர், பெரம்பலூர் மக்கள் அனைவர் மீதும் முத்திரை குத்த முடியுமா? கூடாது!

ஆனால் 1998 கோவைக் குண்டுவெடிப்புக்குப் பின் ஒரு சமுதாயமே சந்தேகக் கூண்டில் நிறுத்தப்பட்டது. அவ்வழக்கில் கைதான அப்துல் நாசர் மதானி 9 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வாடி, 2007-ல் நிரபராதி என விடுதலையானார். இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

தடா 1995-லும் பொடா 2004-லும் ஒழிந்தன. ஜாமீனை எட்டாக்கனியாக்கும் கொடுமையோ உபா சட்டத்தில் தொடர்கிறது. குற்றவாளியைத் தண்டியுங்கள், நாங்களும் துணை நிற்போம். விசாரணையே தண்டனையாகக் கூடாது! மக்களாட்சியைப் பயங்கரவாதத்திலிருந்து பிரித்துக் காட்டுவது நீதி ஒன்றுதான்.