கமான் பட்டையின் புஷ்

வெள்ளிமலையில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்து, உளுந்தூர்பேட்டைச் சாலையில் நூல் பொதியும் சுமக்கும் பழைய பிக்கப் வண்டிகளில் கமான் பட்டையின் புஷ் தேய்ந்து, பள்ளந்தோறும் ஓசை எழுகின்றது. தறிச் சட்டம் சற்று ஆடினாலும் உடனே ஆப்பு அடித்து இறுக்கும் அங்கத்தினர், இதை மட்டும் பொறுத்துக்கொள்வது நமக்கு விளங்கவில்லை. புஷ் தளர்ந்தால் அச்சு இடம் பெயரும். டயர் கோணலாய்த் தேயும். கச்சிராயபாளையம் இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கும். ஏற்றிய சரக்கோடு உயிரும் போகக்கூடும்.

தகரம் சுற்றி இறுக்குவதை நாம் வைத்தியமென ஒப்போம். இருபுறமும் ஒருசேர மாற்றவேண்டும். இரும்பு, பித்தளைப் புஷ்ஷுக்குக் கிரீஸ் அவசியம். ரப்பருக்கோ அதுவே பகை, ஊதிக் கெடும். ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முற்றும் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிக் கிழியும். சக்கரங்கள் தரையில் நின்று பாரம் தாங்கிய பின்னரே கடைசி இறுக்கு. இச்செலவுக்கென வாடகை வரவில் மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.