உண்டியலுக்கு ரெண்டு சாவி, கம்ப்யூட்டருக்கு ஒரே பாஸ்வர்டா?



கவுண்டரில் உட்கார்ந்து அர்ச்சனைச் சீட்டு போடும் தொண்டூழியர்கள் நாங்க. ரொம்ப நாளா மனசுல உறுத்துற ஒரு விஷயத்தைச் சொல்லிடுறோம்.

நம்ம கோயில்ல உண்டியலை ஒருத்தர் தனியா திறக்க முடியாது. சாவி ரெண்டு பேரிடம் இருக்கும், சாட்சிக்கு நாலு பேர் நிற்பாங்க, எண்ணி முடிச்சதும் கையெழுத்து. யாரையும் சந்தேகப்பட்டு இல்லை. நாளைக்கு யார் மேலயும் பழி வரக்கூடாது என்பதற்காகத்தான்.

ஆனா கவுண்டர் கம்ப்யூட்டர்? நாலுக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வர்ட். அதையும் துண்டுச்சீட்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கு. உள்ளே இருப்பது உங்க பேர், நட்சத்திரம், முகவரி, போன் நம்பர், யார் எவ்வளவு உபயம் கொடுத்தாங்க என்ற கணக்கு.

போன வருஷம் ஒரு உபயத் தொகை மாறியிருந்தது. எல்லாரும் ஒரே பேர்ல நுழைவதால் யார் மாத்தினதுன்னு தெரியல. அன்னிக்கு கவுண்டரில் இருந்த தம்பி மேல எல்லார் கண்ணும் போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு அக்கா வந்து, "நான்தான் ஒரு சைபர் கூடுதலா போட்டுட்டேன்"னு சொன்னாங்க. அதுக்குள்ள அந்தத் தம்பி கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டாரு.

"கோயில் கம்ப்யூட்டர்ல யாருப்பா கை வைப்பா?" என்று பெரியவங்க கேட்கிறாங்க. 2018ல் சிங்ஹெல்த்தில் 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போச்சு. பலவீனமான நிர்வாகி பாஸ்வர்டும் அங்கே ஒரு ஓட்டை என்று விசாரணை அறிக்கை சொன்னது. அதற்கு முந்தின வருஷம் வான்னாகிரை, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களைக்கூட விடாமல் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட் ரெண்டு மாசம் முன்னாடியே வந்துடுச்சு. போடாதவங்க மாட்டிக்கிட்டாங்க. நாங்களும் தைப்பூச நெரிசலில் ரீஸ்டார்ட் ஆகிடுமோன்னு பயந்து அப்டேட்டைத் தள்ளிப் போட்டவங்கதான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கோயிலுக்கு விலக்கும் கிடையாது.

நிர்வாகக் குழுவிடம் நாங்க கேட்பது நாலுதான்:

1. ஆளுக்கு ஒரு லாகின். தொண்டிலிருந்து விலகினால் அன்றைக்கே அதை மூடணும்.
2. பக்தர்களுக்கு ஒரு வைஃபை, ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குத் தனி நெட்வொர்க்.
3. அப்டேட்டுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி, நடை சாத்தின பிறகு.
4. கணக்குகளுக்கு வாராந்திர நகல். எடுத்ததும் அந்த டிரைவைக் கழற்றிப் பூட்டி வைக்கணும்.

இதுக்குப் பெரிய செலவு ஆகாது. பழக்கத்தை மாத்தணும், அதுதான் கஷ்டம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆள் மாறும்போது லாகின் பண்ண அரை நிமிஷம் கூடும். வரிசையில் நிற்கும்போது கோவிச்சுக்காதீங்க. அந்த அரை நிமிஷம் உங்க விவரத்துக்குக் காவல், எங்க நல்ல பேருக்கும் காவல். அந்தத் தம்பியை வீட்டுக்கே போய்க் கூப்பிடப் போறோம். அவர் திரும்பி வரும்போது அவருக்கென்று ஒரு லாகின் தயாரா இருக்கணும்.

முருகா சரணம்.